ஏழாவது பாட்டுக்கு விசில்

பேட்டை பழைய பஞ்சுக் கிட்டங்கியில்
ஆனிச் சனிக்கிழமை ராத்திரி
'கரம்பை' குழு வாசித்ததைப் பதிவு செய்தவன் நான்.
வந்தவர்கள் அறுபத்து மூவர்.
நாயன்மார் கணக்கு என்று பேச்சித்துரை
டிரம்ஸை முறுக்கிக்கொண்டே சிரித்தான்.
டிக்கெட் எடுத்தவர் நாற்பத்தொன்று.

ஆல்பம் வந்து மூன்று வாரம்.
முருகன்குறிச்சியில் டீ குடிக்க நின்றால்
யாராவது முழங்கையைப் பிடிக்கிறார்கள்.

ஆவுடையப்பனுக்கு அஞ்சாவது பாட்டு ஆகவில்லை.
"ஒம்பது நிமிசம் வே!
பாட்டு முடிஞ்சுட்டு, கிளாட்வின் முடிக்கமாட்டேங்கான்.
பந்தி எந்திச்ச பொறவும்
எலைய மடக்காம இருக்கவன் மாதிரி."

அதே ஒன்பது நிமிடம்
மேலப்பாளையம் செய்யது பாத்திமாவுக்குப் பதினாலு பீடி.
"கை அதுபாட்டுக்கு ஓடுது.
இந்த மாதிரி நீளத்துல
இன்னும் ரெண்டு போடச் சொல்லுங்க."

ஜெபக்கனி டீச்சர் ஞாயிறுதோறும் ஆர்கன் வாசிப்பவர்.
முதல் பாட்டிலேயே ஒரு தந்தி
இறங்கி நிற்கிறதைக் கண்டுபிடித்துவிட்டார்.
"ஸ்டூடியோவுல பண்ணுனதுல பாட்டு இருந்துச்சு.
இதுல வேர்வைதான் இருக்கு."
அது குறையா நிறையா
என்று கேட்கும் தைரியம் வரவில்லை.

சமாதானபுரத்தில்தான் சண்டை.
லெவினுக்கு இது ப்ளூஸ். அவன் தம்பிக்கு
ஒப்பாரிக்குக் கரண்டு கொடுத்த சமாச்சாரம்.
இருவரும் இரண்டு நாள் ஒரே பைக்கில்
பேசாமல் காலேஜ் போய் வந்தார்களாம்.

பாபநாசம் பஸ் ஓட்டும் வள்ளிநாயகம்
இப்படி ஒன்று கேட்டதேயில்லை என்கிறார்.
காஜாவின் பேஸ், டிரம்ஸ், நடுவில் குரல்.
"தேரியில ராத்திரி தனியா நடக்காப்ல
அம்புட்டு வெட்டவெளி."
கிதார் எப்படி என்றேன்.
"அதுல கிதாரு எங்க இருக்கு?"
பஸ்ஸில் இடது ஸ்பீக்கர் செத்து ஒரு வருஷம்.
கிதாரை முழுக்க இடப்பக்கம் ஒதுக்கினவன் நான்.
கிளாட்வினிடம் இதைச் சொல்லவில்லை.

நேற்று மேம்பாலத்துக்கு அடியில் சுடலைக்கண்ணு.
வெல்டிங் கறை படிந்த கையால் மறித்தான்.
"அண்ணே, நான் விசில் அடிச்சது ஒருதடவ.
மூணாவது பாட்டுக்கு.
முன்பல்லு ஒடஞ்ச ஓட்டை வழியா.
இந்த ஜில்லாவுல வேற எவனுக்கும் அந்தச் சத்தம் வராது.
ஏழாவதுக்கு எப்படி அடிச்சேன்?
அப்ப நான் சேரன்மாதேவி பஸ்ல தொங்கிட்டுல்லா இருந்தேன்?"

சொல்லவேண்டியதாயிற்று.

அறுபத்து மூன்று பேர் கைதட்டினால்
மைக்கில் அது வறுகடலை வெடிக்கிற சத்தம்.
மூன்றாவது பாட்டின் கைதட்டலை வெட்டி,
நாலு மடங்காக அடுக்கி,
எங்கெல்லாம் சப்பென்று இருந்ததோ
அங்கெல்லாம் ஒட்டினேன்.
விசிலும் கூடவே வந்துவிட்டது.

ஏழாவது பாட்டுக்கு யாரும் கைதட்டவில்லை.
குரல் நின்றது. கடைசித் தந்தி அதிர்ந்து ஓய்ந்தது.
பதினோரு விநாடி.
ஊத்தாகப் போய்விட்டது என்றுதான்
அன்றைக்கு வயிறு கலங்கினேன்.

"ஒட்டாதது இருக்கா?"
போனில் இருந்தது.
ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டோம்.
மேலே லாரிகள், பக்கத்தில் பூக்காரரின் பேரம்.
உள்ளே தகரக்கூரையில் சாரல் நடக்கும் சத்தம்.
யாரோ மூச்சை இழுக்கிறார்கள், விடவில்லை.
பிறகு எங்கோ பின்வரிசையில்
ரொம்பப் பைய ஒரு பெண்குரல்:
"முடிஞ்சிட்டா?"

சுடலைக்கண்ணு வயரைக் கழற்றவில்லை.
இன்னொருதரம் போடச் சொன்னான்.
இன்னொருதரம்.

"நான் இருந்திருந்தாலும்
இதுக்கு அடிச்சிருக்க மாட்டேண்ணே."

வண்டியை உதைத்துக் கிளப்பினான்.
பத்தடி போய்த் திரும்பி நின்றான்.

"ஆனா அந்த அஞ்சாவது பாட்டு
நீளந்தான்."